பணத் தொகைக்கு டபுள் உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

"முழு எண்ணுக்கு இன்ட், புள்ளி வைத்த எண்ணுக்கு டபுள்" என்று, எண்ணைச் சேமிக்கும் தரவு வகைகளை (int, double) நிரலாக்கப் பாடங்கள் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. பிற்பாடு கணக்கு உதைப்பதற்கு இந்த வரியே பெரும்பாலும் காரணம்.

டபுள் 64 பிட்டில் (0 அல்லது 1 ஆன இலக்கங்களில்), இரண்டின் அடுக்குகளாக எண்ணைக் குறிக்கிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் அதில் பிசகின்றி அடங்கும். பத்தில் ஒன்று அடங்காது. மூன்றில் ஒன்று தசமத்தில் 0.333 என்று முடிவின்றி நீள்வதுபோல், 0.1 இருமத்தில் நீண்டுகொண்டே போகும். எண்ணின் இலக்கங்களுக்கான 53 பிட்டில் அது அருகிலுள்ள மதிப்புக்குச் சுருக்கி முழுமையாக்கப்படுகிறது. அதனால் 0.1 + 0.2 என்று கேட்டால் பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 0.30000000000000004 என்கின்றன. மொழிகளின் குறை அன்று இது. கணினியில் புள்ளி எண்களைக் குறிக்க 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரத்தின்படியே அவை நடக்கின்றன.

இவ்வளவு சிறிய பிழை என்ன செய்துவிடும் என்று தள்ளிவிட முடியாது. பைத்தானில் 2.675-ஐ இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 2.67 வரும், 2.68 அன்று. நினைவகத்தில் இருப்பது 2.675-க்கு ஒரு மயிரிழை குறைவான எண். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் தடுப்பு அமைப்பு ஓர் ஏவுகணையைத் தவறவிட்டு 28 வீரர்கள் இறந்தார்கள். அங்கே இருந்தது டபுள் அன்று, 24 பிட் பதிவேடு (எண்ணைத் தாங்கும் நினைவிடம்). ஆனால் வேர் அதே 0.1 தான்: அதன் கடிகாரம் நேரத்தை 0.1 நொடிகளாக எண்ணியது. 100 மணி நேரம் ஓடியதில் கடிகாரம் ஏறக்குறைய 0.34 நொடி பிசகியிருந்தது.

பணத் தொகைகளை மிகச் சிறிய அலகில் (ரூபாயை விட்டுப் பைசாவில்) முழு எண்ணாக வையுங்கள். இல்லையேல் எண்ணைத் தசமமாகவே வைக்கும் வகைகளைப் பயன்படுத்துங்கள்: பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல், தரவுத்தளத்தில் டெசிமல்(15,2), அதாவது மொத்தம் 15 இலக்கம், அதில் 2 புள்ளிக்குப் பின். இங்கும் வழுக்குமிடங்கள் உண்டு. பைத்தானிலும் ஜாவாவிலும் மதிப்பை மேற்கோள் குறிக்குள் "0.1" என்று சரமாக (எழுத்துத் தொடராக) கொடுக்க வேண்டும், வெறும் 0.1 கொடுத்தால் டபுளின் பிழை அப்படியே உள்ளே வந்துவிடும். பிக்டெசிமலில் ஈக்வல்ஸ் (equals) கட்டளை கொண்டு ஒப்பிட்டால் 2.0-உம் 2.00-உம் வேறு வேறு, கம்பேர்டூ (compareTo) பயன்படுத்துங்கள். பிக்டெசிமலில் ஒன்றை மூன்றால் வகுக்கும்போது எத்தனை இடம், எந்த முழுமையாக்கல் என்று சொல்லாவிட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லதே, மௌனமாகத் தவறுவதைவிட நிற்பது மேல். முழுமையாக்கும்போது பைத்தானின் டெசிமல் இயல்பாகச் சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும்: 2.5 என்பது 2 ஆகும். உங்கள் கணக்கு விதி 3 என்றால் அதை நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாமே டபுள். 9007199254740993 அங்கே 9007199254740992 ஆகிவிடும். அதனால் நீண்ட அடையாள எண்களை, நிரல்களுக்கிடையே தரவு அனுப்பும் ஜேசன் (JSON) வடிவில் சரமாகவே அனுப்ப வேண்டும்.

உணர்கருவி அளவீடு, வரைகலை, இயற்பியல் கணிப்பு ஆகியவற்றுக்கு டபுளே தகுந்தது. சமக்குறியிட்டு ஒப்பிடாமல், ஏற்கத்தக்க வேறுபாட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாடநூல் எழுதுவோர் டபுளை அறிமுகம் செய்யும் பக்கத்திலேயே டெசிமலையும் வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்