இடம் மாறிய கிருமி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு ஒரு பாக்டீரியாதான் காரணம். சிரிக்காதே. நீர்க்கடுப்பில் தொடங்கி, குளிர்சுரத்தில் படுத்துவிட்டேன். சோதித்தால் இ.கோலை. பிறந்த சில நாளிலேயே நம் பெருங்குடலில் குடியேறுகிற அதே ஆள்தான். அங்கே இருக்கும்வரை வைட்டமின் கே தயாரித்துக்கொண்டு, வேற்றுக் கிருமிகளுக்கு இடம் விடாமல் சாதுவாக இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் புகுந்ததும் ஆளே மாறிவிட்டது.

சோதனைக்கூடப் பெண்ணிடம் கெஞ்சி, அது வளர்ந்த தட்டைப் பார்த்தேன். உள்ளங்கை அகல வட்டத் தட்டில் வெளிறிய படலமாகப் பாக்டீரியா. மேலே பொட்டுப் பொட்டாக மருந்து தோய்த்த காகித வில்லைகள். சிலவற்றைச் சுற்றித் தெளிவான வளையம். அந்த மருந்துகளுக்கு அது அடங்குகிறது. இரண்டு வில்லைகளின் விளிம்பு வரைக்கும் கிருமி அடர்ந்திருந்தது. அதில் ஒன்று, போன வருஷம் ஜலதோஷத்துக்கு நானாகவே வாங்கி இரண்டு நாள் விழுங்கிய மாத்திரை! ஜலதோஷம் வைரஸ், அந்த மாத்திரை பாக்டீரியாவுக்கானது என்று நீ அன்றே தலையில் அடித்துக்கொண்டாய். அதனால்தான் இது என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆனாலும் சுருக்கென்றது. அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமி பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்திருக்கிறார்.

சரியான மருந்தில் சுரம் நின்றது, ஆனால் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அந்த மருந்து வாரிக்கொண்டு போயிருக்கிறது.

படுத்துக்கொண்டு படித்ததில் ஒன்று மண்டையைக் குடைகிறது. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயை வரவழைக்கும் பாக்டீரியா இருக்கிறதே, அதன் நஞ்சுக்கான மரபணு அதன் சொந்தச் சொத்தே இல்லையாம். அதற்குள் தொற்றிய ஒரு வைரஸ் கொண்டுவந்தது. அந்த வைரஸ் தொற்றாத பாக்டீரியாவால் அந்த நஞ்சைச் சுரக்கவே முடியாது. இப்போது யார் மேல் வழக்குப் போடுவது? பாக்டீரியாவுக்குள் புகும் இதே இனத்து வைரஸ்களில் பல அதைப் பிளந்து கொன்றும்விடும். 1917-இல் அவற்றுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்த டெரெல் என்ற நுண்ணுயிர் ஆய்வாளர், அவற்றையே மருந்தாகவும் கொடுத்துப் பார்த்தார். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் பெருகிய பிறகு, மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உன் மகளுக்கு ஏழாம் மாதம் என்று எழுதியிருந்தாய். நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய வைரஸ்களின் மிச்சம், தெரியுமா? அதில் ஒரு துண்டுதான் சின்சைட்டின் என்ற புரதத்தைச் செய்கிறது. ஒரு காலத்தில் அந்த வைரஸ் செல்லோடு ஒட்டி உள்ளே நுழையப் பயன்படுத்திய சாமான் அது. இப்போது நஞ்சுக்கொடியில் செல்களை ஒன்றோடொன்று இணைத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரே விரிப்பாக்குகிறது. உணவும் பிராணவாயுவும் அதன் வழியாகத்தான் போகின்றன.

இதைப் பிரசவம் ஆகும்வரை அவளிடம் சொல்லித் தொலைக்காதே. பேரனோ பேத்தியோ, வந்ததும் ஒரு வரி எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்