'கொஞ்சமாகப் பூசுங்கள்' என்றால் எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகள், பதின்வயதினரின் எக்ஸிமா என்ற தோல் அழற்சி நோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அரிப்பையும் வீட்டில் எல்லோருடைய தூக்கமும் கெடுவதையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் 'ஸ்டீராய்டு களிம்பைக் கூடியவரை தவிர்க்கவும். போட்டாலும் மிகக் கொஞ்சமாகப் பூசவும்' என்ற வரியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அதே பேச்சை நம்பி என் மகனை நான்கு வருடம் சொறிய விட்டவள் நான்.

அவனுக்கு ஐந்து மாதத்தில் கன்னத்தில் தொடங்கியது. அப்புறம் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம். மருத்துவர் 'லேசாகத் தடவுங்கள்' என்றார். மருந்துக் கடைக்காரர் 'ரொம்ப நாள் போடாதீங்க, தோல் மெலிஞ்சிடும்' என்றார். ஆக, கடுகளவு எடுத்துக் கால் முழுக்கத் தேய்ப்பேன். சற்றுத் தணிந்ததும் நிறுத்திவிடுவேன். நாலே நாளில் திரும்பி வரும். மருந்தே சரியில்லை என்று திட்டுவேன்.

ஒருநாள் ஒரு செவிலியர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ட்யூபிலிருந்து களிம்பைப் பிதுக்கிக் காட்டினார். அது ஏறத்தாழ அரை கிராம். பெரியவரின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, இரண்டு வைத்தால் மறையும் இடத்துக்கு அது போதும். நான்கு வயதுக் குழந்தையின் ஒரு காலுக்கும் பாதத்துக்கும் முழுவதும் பூச அப்படி 3 விரல்நுனி வேண்டும். நான் வெட்கப்பட்டுப் போனேன். அந்த அளவில் பூசியதும் ஒரே வாரத்தில் அடங்கியது.

தோல் மெலிவது கட்டுக்கதை என்று சொல்ல வரவில்லை. வீரியமான களிம்பை முகத்திலும் மடிப்புகளிலும் மாதக்கணக்கில் போட்டால் மெலியத்தான் செய்யும். அதனால்தான் முகத்துக்கு வீரியம் குறைந்ததைத் தருகிறார்கள். அடிக்கடி திரும்பும் இடங்களில், தணிந்த பிறகும் வாரத்தில் 2 நாள் மட்டும் பூசச் சொல்வதுண்டு. ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் 2 வயதிலிருந்து இருக்கிறது. ஆறிய இடம் வெளுத்துத் தெரிந்தபோது அந்தப் பழியையும் ஸ்டீராய்டு களிம்பின் மேலேயே போட்டேன். அது அழற்சி விட்டுப்போன தடமாம். சில மாதங்களில் நிறம் திரும்பியது.

மாய்ஸ்சரைசருக்குக் கட்டுரையில் ஒரே வரிதான். அதிலும் அளவு இல்லை. குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை ஆகும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்; நானும் நம்பவில்லை. எது நல்லது என்று டப்பா டப்பாவாக மாற்றிப் பார்த்தேன். லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கையும் குழந்தைகளிடம் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. எதுவும் மற்றதைவிட மேல் என்று தெரியவில்லை. பிள்ளை எதைப் பூசிக்கொள்ளச் சம்மதிக்கிறதோ அதுவே போதும். பாலையும் முட்டையையும் நானாகவே நிறுத்திய கதையும் உண்டு. எடை குறைந்தது, அரிப்பு குறையவில்லை.

இப்போது அவனுக்கு 14 வயது. கட்டுரைத் தலைப்பில் பதின்வயதினர் இருக்கிறார்கள், உள்ளே காணோம். அவன் என்னைப் பூச விடுவதில்லை. பிசுபிசுப்பு சட்டையில் ஒட்டுகிறது, நண்பர்கள் கேட்கிறார்கள் என்கிறான். காலையில் லோஷன், இரவில் மட்டும் ஆயின்ட்மென்ட் என்று பேரம் பேசி வைத்திருக்கிறோம். களிம்புக்கு அடங்காத கடுமையான எக்ஸிமாவுக்கு டுபிலுமாப் ஊசியும் உண்டு. அமெரிக்காவில் 2019இலேயே 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதித்தார்கள். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

இன்னொன்று விட்டுப்போயிருக்கிறது. எக்ஸிமா உள்ள இடத்தில் ஒரே மாதிரியான சிறு கொப்புளங்கள் கொத்தாக வந்து, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் கிருமியின் வேலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தக் கட்டுரையோடு ட்யூப், பஞ்சு, சிரிக்கும் குழந்தை என்று மூன்று படங்கள் போட்டிருந்தீர்கள். அடுத்த இதழில் ஒரே ஒரு படம் போடுங்கள்: ஒரு விரல், அதன்மேல் நுனியிலிருந்து முதல் கோடு வரை களிம்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி