காட்டுக்கு ஒருநாள் போய்வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளுக்கு வனக் கல்வி தேவை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவை என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அந்தப் பெயரில் பெரும்பாலும் நடப்பது ஒருநாள் சுற்றுலா. பேருந்தில் போய் இறங்கி, பதாகை பிடித்துப் படம் எடுத்து, உறுதிமொழி சொல்லி, பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். (அங்கே விட்டுவரும் பிளாஸ்டிக் உறைகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

இதைத் தொடங்கியவர்கள் நினைத்தது வேறு. டென்மார்க்கில் 1950களில் எலா ஃப்ளடாவ் என்ற பெண்மணி சிறு பிள்ளைகளை நாள்தோறும் காட்டுக்கு நடத்திப் போனார். அந்த நாட்டு முறையை 1993இல் நேரில் பார்த்துவந்த பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியினர் பிரிட்டனில் வனப்பள்ளியைத் தொடங்கினார்கள். எப்போதாவது எட்டிப் பார்ப்பதல்ல, நெடுநாள் தொடர்ந்து போய்வருவது என்பதுதான் அங்குள்ள வனப்பள்ளிகளின் முதல் கொள்கை.

ஏன் திரும்பத் திரும்ப அதே இடம்? சருகையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வரும் பிள்ளைக்கு அது குப்பை. குந்தி உட்கார்ந்து மெல்ல விலக்கச் சொல்லுங்கள். மேலே முழு இலை. அதன் கீழே சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலையாக நிற்கும் இலை. இன்னும் கீழே வெள்ளை நூலாகப் படர்ந்த பூஞ்சை. அப்புறம் இலை எது, மண் எது என்று பிரிக்க முடியாத கருப்பு. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, சில வாரம் கழித்து அதே பிள்ளை வந்து பார்க்க வேண்டும். அது தன் சருகு என்று ஆகிவிடும். பள்ளி வளாகத்தில் இலைகளைக் கூட்டித் தீ வைக்கும்போது 'ஏன் எரிக்கிறீர்கள்?' என்று கேட்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

1977இல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களைச் சொன்னது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நாம் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம். மதிப்பெண் போட வசதியானது அதுதானே! நான்சி வெல்ஸ், கிறிஸ்டி லெக்கீஸ் இருவரும் அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வைக் கல்வித் துறையினர் படிக்க வேண்டும். பதினொரு வயதுக்குள் காட்டில் விளையாடி, நடந்து திரிந்தவர்களிடம் பெரியவர்களான பிறகு இயற்கைமேல் அக்கறை கூடுதலாகத் தெரிந்தது. சிறுவயதில் சுற்றுச்சூழல் கல்வித் திட்டங்களில் கலந்துகொண்டதற்கு அப்படிக் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. பெரியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டுச் செய்த ஆய்வுதான், அதுவே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

பூச்சிக்கடி, பாம்பு என்று பெற்றோர் பயப்படுவது நியாயமே. சிறு குழு, அந்த இடம் தெரிந்த வழிகாட்டி, முதலுதவி அறிந்த ஆசிரியர் இவை இல்லாமல் போகவே கூடாது. அடர்காடும் தேவையில்லை, கூட்டிப் பெருக்காமல் விட்ட சிறு தோப்பு போதும். இன்னொன்று: ஒரே பாதையில் பல கால்கள் மிதித்தால் மண் இறுகி முளை வராது. அதனால் ஒரு பகுதியை அவ்வப்போது ஓய்வுக்கு விட வேண்டும். எந்தப் பகுதியை விடுவது என்ற முடிவைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் கால அட்டவணையில் இடம் எங்கே, ஆசிரியருக்கு யார் பயிற்சி தருவது என்பதைக் கட்டுரையாளர் தொடவில்லை. அடுத்த கட்டுரையில் அதை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்