உப்பளத்தில் எடுத்த குறும்படம்: தோழிக்கு ஒரு கடிதம்

தூத்துக்குடி
ஆகஸ்ட் 10

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது ஊரே திருவிழா முடிந்த களைப்பில் இருந்தது. இந்த ஆண்டும் ஆகஸ்ட் 5-ஆம் தேதிக்கு நீ வரவில்லை. பனிமய மாதா கோயில் வாசலில் உன் அம்மாவைப் பார்த்தேன். உனக்காக மக்ரூன் வாங்கி வைத்திருக்கிறாராம். புனேவுக்குப் போகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் காலை நடையை விட மறுக்கிறார்.

நீயும் விடுதித் தோழிகளும் சேர்ந்து குறும்படம் எடுக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். எங்கள் படம் எப்படி உருவானது என்று கேட்டிருக்கிறாய். படத்தொகுப்பு நடந்துகொண்டிருக்கிறது, எல்லாம் மனத்தில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் முதலில் பேசிய கதைகள் எல்லாவற்றிலும் கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம் இருந்தது. 'நாளைய இயக்குநர்' என்ற தொலைக்காட்சிக் குறும்பட நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி போன்றவர்கள் வந்து திரைப்பட இயக்குநர்களாக வென்ற பிறகு, குறும்படம் என்றாலே முடிவில் தூக்கிவாரிப்போட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்காகச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார் அல்லவா, அவற்றில் சிலவற்றை எங்கள் பேராசிரியர் போட்டுக் காட்டினார். ஒரு வீடு, இரண்டு மூன்று மனிதர்கள், ஒரு மனத்தாங்கல், அவ்வளவுதான். பார்த்து முடித்தபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அன்றுதான் நாங்களும் நமக்குத் தெரிந்த ஓர் இடத்துக்குள், ஒரே ஒரு காலைப்பொழுதுக்குள் கதையை வைப்பது என்று முடிவெடுத்தோம்.

இடம் எது என்று உனக்கே தெரிந்திருக்கும். பள்ளி பஸ்ஸின் ஜன்னல் வழியே நாம் தினமும் பார்த்துக்கொண்டு போவோமே, முள்ளக்காட்டுப் பக்கத்து உப்பளங்கள். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதிலும் பெரும்பங்கு நம் மாவட்டத்துடையது. அத்தனை ஆண்டுகள் பார்த்தும், அங்கே வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று நம் இருவருக்கும் தெரியாது. விடிவதற்கு வெகு நேரம் முன்பே, டார்ச் வெளிச்சத்தில் தொடங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் அந்த வெண்மையில் கண்ணைத் திறக்க முடியாது.

கதை அந்தக் கண் கூச்சத்திலிருந்தே வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய். கல்லூரியில் படிக்கும் மகள். மகள் தன் உதவித்தொகையில் அம்மாவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வருகிறாள். உடன் வேலை செய்யும் பெண்களுக்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்ள அம்மாவுக்குக் கூச்சம். காலை முழுவதும் மடியிலேயே வைத்திருக்கிறாள். கடைசியில் அது ஒவ்வொருத்தி முகத்துக்கும் மாறி மாறிப் போய் வருகிறது. முதல் வடிவத்தில் ஒப்பந்தக்காரர், கடன், ஒரு விபத்து எல்லாம் இருந்தன. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம் என்று கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். எடுக்க எடுக்க அந்தத் தாய் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தாள்.

இனி நான் சொல்லப்போவதுதான் உனக்கு மிகவும் பயன்படும். கேமராவைத் தொடுவதற்கு முன் வெறுங்கையோடு பலமுறை அங்கே போனோம். நோட்டும் பேனாவும் மட்டும். அப்படிப் போயிருக்காவிட்டால் இந்தப் படமே இல்லை. ஒரு பாத்தியை ஒருமுறைதான் வார முடியும் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. நீண்ட பிடியுள்ள பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துவிட்டால் முடிந்தது. அந்தப் பாத்தியில் மறுபடி உப்பு விளையச் சில நாட்களாவது வேண்டும். 'இன்னொரு முறை செய்யுங்கள், அக்கா' என்று கேட்க வழியில்லை. கேட்கவும் கூடாது, அது அவர்களுடைய கூலி. உப்புக் குவியல் நிமிடத்துக்கு நிமிடம் வளர்வதால், காட்சிகளை முன்பின்னாக எடுத்தால் ஒட்டவும் ஒட்டாது. அதனால் பாத்திகளின் வரிசையைத் தாளில் வரைந்து, எந்தப் பாத்தி எப்போது வாரப்படும் என்று அவர்களிடமே கேட்டுக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் கேமரா நிற்கும் இடத்தை முடிவு செய்தோம். தொலைவிலிருந்து ஒரு கேமரா, கை அருகே ஒரு கைப்பேசி. தொடர்ச்சியைக் கவனிப்பதற்கென்றே ஒருத்தி நின்றாள். குவியலின் உயரம், சேலை முந்தானை எந்தப் பக்கம், கண்ணாடி மடியில் இருக்கிறதா கையில் இருக்கிறதா, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். குழுவில் மிகக் கடினமான வேலை அவளுடையதுதான் என்பேன்.

தேதியையும் இடமே தீர்மானித்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் நல்ல தண்ணீர் நின்று வேலை நின்றுவிடும். ஆனி, ஆடியில் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் காற்று ஒரு சொல்லையும் பதிய விடாது. அதனால் பங்குனியிலேயே எடுத்தோம். அப்போதும் ஒலிவாங்கிக்கு ரோமத் துணி உறை போடாமல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு டப்பிங் செய்துகொள்ளலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். தாயாக நடித்தவர் அந்த அளத்திலேயே வேலை செய்கிறவர். அவருடைய பேச்சை மூடிய அறைக்குள் மறுபடி வரவழைக்க முடியாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். உவர்நீர் இறைக்கும் மோட்டாரைச் சில நிமிடங்கள் நிறுத்தித் தந்தார் ஒரு பெரியவர். அந்த அமைதியில், உப்பின் மேல் பலகை இழுபடும் ஓசையைத் தனியாகப் பதிவு செய்தோம். முதலில் கரகரவென்று தொடங்கி, குவியல் சேரச் சேர ஓசை கனத்துக்கொண்டே போகிறது. இசையே வேண்டாம் என்று அன்று இரவு எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

வெளிச்சத்தைப் பற்றியும் கொஞ்சம். உப்பளத்தில் கேமராவைத் தானியங்கி முறையில் விடவே கூடாது. அத்தனை வெண்மையைக் கண்டதும் அது படத்தை இருட்டாக்கிவிடும்; உப்பு சாம்பல் நிறமாகவும் முகம் வெறும் நிழலாகவும் வரும். முகத்தில் அளவெடுத்துக் கைமுறையில் வைக்க வேண்டும். வெயிலைக் குறைக்க என்டி ஃபில்டரும் தேவை. ஆனால் அங்கே தரையே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கீழிருந்து முகத்தில் ஏறும் அந்த ஒளியில் தாடையின் கீழ்ப்புறம்கூடத் துலங்குகிறது. எந்த விளக்காலும் அப்படி ஒரு முகத்தைக் காட்ட முடியாது. உப்புக் காற்றில் லென்ஸை மட்டும் மாற்றாதே.

உங்கள் கதை விடுதிச் சமையலறையில் ரொட்டி தேய்ப்பவரைப் பற்றியது என்று எழுதியிருக்கிறாய். நல்ல கதை, விட்டுவிடாதே. அங்கே குழல் விளக்குகள் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் திரையில் பட்டைகள் ஓடாது. முகத்தில் ஒளி முரடாக விழுந்தால் வெள்ளை வேட்டியை மேலே விரித்துக் கட்டி, விளக்கை அதன்மேல் அடித்துப் பார். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காக (1956) வாரணாசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா துணியை விரித்துக் கட்டித்தான் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். எங்கள் படத்தில் வீட்டுக் காட்சி முழுவதும் என் அப்பாவின் வேட்டி வெளிச்சத்தில் எடுத்தது.

குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதன் முனகல் பதிவில் வரும். அதை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடு. மறுபடி போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதிவு செய்துகொள். படத்தொகுப்பில் அதன் அருமை தெரியும்.

இன்னொன்று. ரொட்டி தேய்ப்பவரின் நேரத்துக்கு என்ன தரப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். நடித்த அம்மாவுக்கு நாங்கள் அன்றைய கூலியைக் கொடுத்தோம். சம்மதக் கடிதத்தைத் தமிழில் எழுதி வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினோம். முதல் தொகுப்பை அவருக்குத்தான் முதலில் காட்டினோம். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். அவர் கால் வெடிப்புகள் அண்மைக் காட்சியில் வரும் இடம். 'இது வேண்டாம், என் பேத்தி பார்ப்பாள்' என்றார். படத்தின் மிக வலுவான காட்சி அது என்று எங்களில் இருவர் வாதாடினார்கள். நான் எடுத்துவிட வேண்டும் என்ற கட்சி. எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது அவர் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்.

நீ புனேவில்தான் இருக்கிறாய். 1960-இல் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கிய திரைப்படப் பயிற்சி நிறுவனம் உன் ஊரிலேயே இருக்கிறது. பாலு மகேந்திரா படித்த இடம். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அங்கேதான். திரையிடல் ஏதாவது நடந்தால் உன் குழுவைக் கூட்டிக்கொண்டு போ.

எங்கள் படத்தைத் திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு அனுப்பிப் பார்க்க ஆசை. அதற்கு முன் முள்ளக்காட்டில், வேலை முடிந்த ஒரு மாலை, அந்தப் பெண்களுக்குத் திரையிட வேண்டும். தீபாவளி விடுமுறைக்கு நீ வருகிற தேதியை முன்கூட்டியே எழுது, அதையொட்டி வைத்துக்கொள்கிறோம். உன் திரைக்கதையையும் சேர்த்து அனுப்பு. நான் பென்சிலும் கையுமாகப் படிப்பேன். எதை வெட்டச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் தோழி