செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குடிநீர் ஆகியவை குறித்து மாநகராட்சிக்கு அளித்த மனுக்களின் நகல்கள் பதிவேட்டில் உள்ளன, உறுப்பினர்கள் பார்வையிடலாம். உலக வாய் நல நாளான மார்ச் 20-ஐ ஒட்டிச் சென்னை காசிமேட்டில் நாம் நடத்திய பல் பரிசோதனை முகாமைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

முகாமுக்கு வந்த பெரியவர்களில் பலர், கிராம்பையும் வலி மாத்திரையையும் நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கன்னம் வீங்கிய பிறகு, பல்லைப் பிடுங்கிவிட்டால் போதும் என்ற நிலையில்தான் வந்தனர். சொத்தை சிறிதாக இருக்கும்போது வலிப்பதில்லை என்பதால், அடைத்துக் காப்பாற்றக்கூடிய காலம் எவருக்கும் தெரியாமலே கடந்துவிடுகிறது.

பிள்ளைகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கடைவாய்ப் பல் குழி விழுந்திருந்தது. “பால் பல்லுதானே டாக்டர், விழுந்து முளைச்சிடும்” என்றார் அவன் தாயார். மருத்துவர் கண்ணாடியைக் கொடுத்து, முன்பற்களின் நடுவிலிருந்து எண்ணச் சொன்னார். குழி விழுந்த அந்தப் பல் ஆறாவதாக நின்றது; அது நிரந்தரப் பல். ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலே அவற்றுக்குப் பின்னால் முளைப்பதால், இதைப் பால் பல் என்றே பெற்றோர் பலர் எண்ணிவிடுகின்றனர். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் பல் துலக்குவது தவிர்க்கக் கூடாதது என்பதும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை போதும் என்பதும் அன்று விளக்கப்பட்டன. விளம்பரத்தில் பிரஷ் முழுவதும் பசையை நிரப்பிக் காட்டுவதை என்னென்று சொல்வது!

பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவாவைப் போடும் இளைஞர்களிடம் கண்டதை மறைப்பதற்கில்லை. மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்குமாறு மருத்துவர் கேட்டபோது, மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு இரண்டு விரல்களுக்கு மேல் நுழையவில்லை. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே வாயின் உட்சதையை இறுக்கிவிடும் என்பதும், அந்நிலை புற்றுநோயாக மாறக்கூடும் என்பதும் அவருக்கு அதுவரை தெரியாது. வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருப்பவர்கள் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் ஈறு வீக்கத்தை அலட்சியப்படுத்தினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தும், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நம்மவர்கள் தயங்குகின்றனர். எனவே, பொங்கல் விளையாட்டு விழா நிதியில் ஒரு பகுதியை, அங்கு செல்வோருக்கான பயணச் செலவுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கான பரிசோதனைக்கும் ஒதுக்க நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இதற்குச் சில உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். பரிசுக் கோப்பைகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், அத்தகைய கடைகள் குறித்துப் புகார் அளிக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து சமர்ப்பிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்