மே மாதத்தில் வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்று வெளியூர்க் குடும்பங்கள் சென்னைக்கு வந்து வீடு தேடுவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து, அன்றே அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதோ அக்டோபரில். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் புகுந்த வேளச்சேரி, முடிச்சூர் தெருக்களை மே மாத வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆனால் உற்றுப் பார்த்தால் தடயம் இருக்கும். முதலில் சாலை மட்டத்தைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் பல வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. தெருவிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குள் போக முடியும் என்றால் மழைநீருக்கும் அதுதான் வழி. கேட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரச் சிமென்ட் தடுப்பு, தலைக்கு மேல் ஏற்றி மாட்டிய ஈபி மீட்டர், இடுப்புக்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட், அடிப்பக்கம் உப்பிப்போன பிளைவுட் அலமாரி ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே தரைத்தளத்தை விட்டுவிடலாம். புரோக்கரைவிடத் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் சரியாகச் சொல்வார். ‘தண்ணீர் நிற்குமா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘மிக்ஜாமுக்கு எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, கரன்ட் எப்போது வந்தது?’ என்று கேளுங்கள். கை வைத்தே காட்டிவிடுவார்.

குடிதண்ணீரைச் சோதிக்க மட்டும் கோடையே நல்ல காலம். குழாய் முனையில் வெள்ளைப் படிவு, நுரைக்காத சோப்பு இரண்டும் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதற்கு அடையாளம். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறது என்றால் சம்ப்பின், அதாவது தரையடித் தொட்டியின், மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இணைப்பு இருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு. பழைய மாமல்லபுரம் சாலை அடுக்ககங்கள் பலவற்றில் லாரித் தண்ணீர்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 540 லிட்டர். இருபது வீடுகளுக்கு 10,800 லிட்டர். அதாவது தினமும் கிட்டத்தட்ட ஒரு 12,000 லிட்டர் லாரி. அந்தப் பணம் பராமரிப்புக் கட்டணத்துக்குள் வருகிறதா, போன மே மாதம் வீட்டுக்கு எவ்வளவு பிரித்தார்கள் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஏரிகள் வறண்ட 2019 கோடையில் கேட்ட விலைக்கும் லாரி கிடைக்காமல் தவித்த பகுதிகள் இவை.

மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று பாருங்கள். ஒரே இணைப்பில் மூன்று வீடுகள் ஓடினால் இரண்டு மாதத்துக்கான 100 இலவச யூனிட் உங்கள் கணக்கில் வராது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும்.

ஞாயிறு பார்த்த வீட்டைத் திங்கள்கிழமை இன்னொரு முறை பாருங்கள். காலை எட்டரைக்கு அந்த வாசலிலிருந்து அலுவலகம் வரை பயணம் செய்யுங்கள். மெட்ரோ ரயில் பணிக்காகச் சாலையைத் தடுத்திருக்கும் இடங்களில் மேப் காட்டும் நேரத்தை நம்ப முடியாது. இரவு ஒன்பதுக்கு ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடங்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் நாற்றம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்தது என்பதால் ஒரு வேளை மட்டும் போய்ப் பார்த்தால் தெரியாது. முடிந்தால் குடும்பத்தலைவர் ஒருவர் மட்டும் முதல் மாதம் அதே பகுதியில் மேன்ஷனிலோ விடுதியிலோ தங்கிவிட்டு, பிறகு வீடு பிடிப்பது நல்லது.

இவ்வளவு துப்பறியும் வேலையை வெளியூர்க்காரர் தலையில் கட்டக் கூடாது. தாழ்வான தெருக்கள் எவை என்பது மாநகராட்சிக்குத் தெரியும். படகு விட்ட தெருக்கள்தானே. அந்தத் தெருக்களின் விளக்குக் கம்பங்களில் 2015, 2023 வெள்ள மட்டத்தை ஆண்டோடு கோடு போட்டு எழுத வேண்டும். வாடகை குறையும் என்று வீட்டு உரிமையாளர்கள் ஆட்சேபிக்கலாம். அதற்காகக் கைக்குழந்தையையும் வயதான பெற்றோரையும் தரைத்தளத்தில் குடிவைப்பவரிடம் இதை மறைக்க முடியாது. வரும் பருவமழைக்கு முன் இந்தப் பணியை மாநகராட்சி முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர்,
சென்னை - 42