ஏழாம் நம்பர் ரோடு காசிக்குப் போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை 3,745 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமான சாலை என்பதெல்லாம் சரி. ஆனால் ‘2010-இல் உருவான சாலை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 1979 முதல் 2004 வரை அதில் லாரி ஓட்டியவன் நான். உருவாகாத ரோட்டிலா இருபத்தைந்து வருஷம் ஓட்டினேன்?

2010-இல் மாறியது எண்தான். வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை என்று மத்திய அரசு அப்போது புது முறை கொண்டுவந்தது. ஜலந்தர் - டெல்லி, டெல்லி - ஆக்ரா, ஆக்ரா - குவாலியர் என்று ஆளுக்கொரு நம்பரோடு கிடந்த பழைய ரோடுகளின் துண்டுகளை வரிசையாக ஒட்டி 44 என்று பெயர் வைத்தார்கள். தெற்கில் ஏறக்குறைய பாதி, அதாவது மத்தியப் பிரதேசத்து லக்னாதோனிலிருந்து குமரி முனை வரை, எங்கள் பழைய ஏழாம் நம்பர்.

அந்த ஏழு ஸ்ரீநகருக்குப் போனதில்லை. காசிக்குப் போனது. கன்னியாகுமரி, மதுரை, நாமக்கல், சேலம், பெங்களூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரீவா, மிர்சாபூர், வாரணாசி. மொத்தம் 2,369 கிலோமீட்டர். லக்னாதோன் முக்கில் ஜான்சிக்குப் போகிற வண்டி இடது பக்கம் திரும்பும், காசிக்காரன் ஜபல்பூர் பக்கம் போவான். இன்றைய 44 அந்த இடது பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

சேலத்து ஜவ்வரிசிதான் எனக்குப் பெரும்பாலும் லோடு. வடக்கே விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுவார்கள் என்பதால் நவராத்திரிக்கு முன்னால் லாரி ஆபீசில் கூட்டம் தாங்காது. திரும்பும்போது கட்னியில் சுண்ணாம்போ நாக்பூரில் ஆரஞ்சோ கிடைக்கும். எப்போதாவது காசி வரைக்கும் லோடு அமைந்தால் தெருவே வாசலில் நிற்கும். “தம்பி, எனக்கொரு கங்கைச் செம்பு!” ஒரு தடவை ஈயம் வைத்து அடைத்த ஒன்பது செம்புகள் கேபினில் உருண்டுகொண்டே நாமக்கல் வந்து சேர்ந்தன. கிளீனர் பையன் ஆறு நாளும் காலை மடக்கியே தூங்கினான்.

லக்னாதோனுக்கு மேலே காசி வரைக்கும் உள்ள அந்த மேல்பகுதிக்குத்தான் சரித்திரம் அதிகம். ரயில் வருவதற்கு முன் தக்காணத்துப் பருத்தி மாட்டின் முதுகில் ஏறி மிர்சாபூர் போய், அங்கிருந்து படகில் கங்கை வழியாகக் கீழே இறங்கும். வழிப்போக்கரோடு சிநேகமாகப் பேசிக்கொண்டே வந்து துணியால் கழுத்தை இறுக்கிக் கொல்லும் தக்கர்கள் திரிந்த வழிகளில் அதுவும் ஒன்று. அவர்களை 1830-களில் ஒடுக்கிய ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜபல்பூரிலிருந்துதான் வேலை பார்த்தார். கட்னிக்கும் ஜபல்பூருக்கும் நடுவே ஸ்லீமனாபாத் என்று அவர் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. பலமுறை அங்கே டீ குடித்திருக்கிறேன். பெயர்க் காரணம் ரொம்ப நாள் கழித்து ஒரு தாபாக்காரர் சொல்லித்தான் தெரியும். அப்புறம் அந்த ஊரில் ராத்திரி வண்டியை ஓரங்கட்டியதில்லை. தக்கர்கள் ஒழிந்து நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது என்று தெரியாமல் இல்லை, இருந்தாலும்.

நம் பக்கத்துக்கும் வருகிறேன். மதுரையிலிருந்து தெற்கே போகும் தடம், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்ந்தது. மரம் நட்டு, சத்திரம் வைத்த சாலையை மங்கம்மா சாலை என்றுதான் எங்கள் அப்பா காலத்தவர்கள் சொல்வார்கள். உங்கள் கட்டுரையில் அந்தம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை.

சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் காட்டில் ரோட்டைத் தூக்கிக் கட்டியிருப்பதை எழுதியது நன்றாக இருந்தது. அந்தத் துண்டு பல வருஷம் வழக்கில் கிடந்தது. இப்போது அதே தடத்தில் ஓட்டுகிற என் தங்கை மகன் சொல்கிறான்: “கீழே புலி போகுது, மேலே நாங்க போறோம், மாமா.” கேமராவிலும் புலி பதிவாகியிருக்கிறது. என் காலத்தில் இரண்டும் ஒரே ரோட்டில் போக வேண்டியிருந்தது.

பழைய 7 என்ற எண்ணை இப்போது பஞ்சாபின் பாசில்காவிலிருந்து பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா வரை போகும் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதிலும் எனக்கு வருத்தமில்லை. லக்னாதோனுக்கு மேலே காசி வரை உள்ள எங்கள் ரோடுதான் பல எண்களாகப் பிரிந்து, அது ஒரே சாலையாக இருந்தது என்பதே இளம் டிரைவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. கட்டுரையோடு போட்ட வரைபடத்திலும் நாக்பூருக்கு அடுத்து நேராக ஜான்சி. அடுத்த முறை போடும்போது நடுவில் லக்னாதோனை ஒரு புள்ளியாகவாவது வைத்து, அங்கிருந்து காசிக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர்,
நாமக்கல்.